பேட்டரி அண்ணனும் பிரிண்டர் தம்பியும்

கண்டக்டர் செண்பகவல்லியின் டிக்கெட் மிஷினுக்குள் ஒரு பேட்டரியும் ஒரு பிரிண்டரும் பல வருஷமாக ஒன்றாகக் குடியிருந்தன. பேட்டரிக்கு வயதாகிவிட்டது. ஆனால் அதை ஒப்புக்கொள்ளாது.

அன்று மதியமே அதற்கு மூச்சு வாங்குவது பிரிண்டருக்குக் கேட்டது.

"அண்ணே, முடியலையா?"

"யாருக்கு, எனக்கா? இன்னும் இருநூறு டிக்கெட் தள்ளுவேன்டா!"

பஸ்ஸில் நிற்க இடமில்லை. பாதிப் பேருக்கு இன்னும் டிக்கெட் கொடுக்கவில்லை. அடுத்த ஸ்டாப்பில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினால் செண்பகவல்லி மாட்டிக்கொள்வாள். அண்ணன் மனசும் நோகக் கூடாது. பிரிண்டர் யோசித்தது. அண்ணனிடம் மிச்சமிருக்கும் சார்ஜ் வீணாகாமல் இருக்க, தனக்கு ரொம்பப் பிடித்த பச்சை விளக்கை அணைத்துக்கொண்டது. டிக்கெட்டுக்கு டிக்கெட் ஆசையாகப் போடும் 'பீப்' சத்தத்தையும் விழுங்கிக்கொண்டது.

"என்னாச்சு இதுக்கு?" என்று செண்பகவல்லி அதன் தலையில் இரண்டு தட்டு தட்டினாள். பிரிண்டர் அதையும் வாங்கிக்கொண்டு, அச்சடித்துக்கொண்டே இருந்தது. கடைசி ஆளுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்த கையோடு இன்ஸ்பெக்டர் ஏறினார். ஒரு குறையும் காணாமல் இறங்கிப் போனார்.

டிப்போவில் சார்ஜரில் போட்டதும் பேட்டரி பரிவோடு கேட்டது: "ஏன்டா தம்பி, லைட்டும் இல்ல, சத்தமும் இல்ல. உனக்கு வயசாயிடுச்சோ?"

"ஆமாண்ணே," என்றது பிரிண்டர். "நீங்க இருந்ததால சமாளிச்சேன்."