ஒரு கோடு

ஒரு கோடு போட்டாலும் வேலைதானே? வானதி இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. அலுவலகத்தில் யாரும் பயன்படுத்தாத மென்பொருள் உரிமங்களைக் கண்டுபிடித்து ரத்து செய்வது அவள் பொறுப்பு. உரிமம் போனவரின் நாற்காலியும் அடுத்த மாதம் காலியாகிவிடும். திரையில் இன்று எஸ்தர் அக்காவின் பெயர் இருந்தது. கட்டட வரைபடம் வரைகிறவர். நான்கு மாதமாக அவருக்கு யாரும் வேலை தருவதில்லை.

"தினம் ஒருதரம் திறந்து மூடுங்கக்கா, பட்டியல்ல வரமாட்டீங்க" என்று சொல்லிக்கொடுத்தவளே வானதிதான். அக்கா காலையில் வந்ததும் மென்பொருளைத் திறப்பார், ஒரு கோடு வரைவார், அழிப்பார், மூடுவார். "வாட்ச்மேன் வேலைடி எனக்கு, கதவு திறந்து கதவு சாத்துறேன்" என்று சிரிப்பார். இந்த மாதம் நிர்வாகம் மென்பொருள் திறந்திருந்த நிமிடங்களை எண்ணச் சொல்லிவிட்டது. அக்காவுக்கு வந்தது, மாதம் முழுவதற்கும் பதினொரு நிமிடம்.

"அவங்க உரிமத்தை எடுத்துடும்மா" என்றார் பின்னால் நின்ற மேலாளர்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அக்கா திரையை நோக்கிக் குனிந்திருந்தார்.

"நான் எடுக்கமாட்டேன் சார்."

"நீ எடுக்கலேன்னா நான் எடுக்கப்போறேன். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் சார்" என்றாள் வானதி. மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.