கல்லு மாதிரி நெஞ்சு

"எம் புருஷன் நெஞ்சுல இன்னாத்தப் போட்டீங்க?"

பாஞ்சாலி போட்ட சத்தத்தில் ஒரகடம் மருந்து ஆராய்ச்சி மையமே திரும்பிப் பார்த்தது. டாக்டர் பூஜா அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கட்டிலில் வெங்கடேசன், மார்பெல்லாம் ஒயரோடு, சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான்.

"பயப்படாதீங்க பாஞ்சாலி. இது புது வலிப்பு மருந்து. முதல்ல நல்லா இருக்கறவங்களுக்குக் குடுத்து, இதயத்துடிப்பு மாறுதான்னு பார்ப்போம். இவருக்கு மாறிடுச்சு."

"மாறுனா?"

"தாளம் தப்புது. விட்டா திடீர்னு நின்னுடலாம். இதோ, மருந்து குடுக்கறதுக்கு முன்னால, முதல் நாள் எடுத்த ஈசிஜி. நெஞ்சு கல்லு மாதிரி இருந்துது. இது இன்னிக்கு எடுத்தது."

பாஞ்சாலிக்கு இரண்டுமே கோழி கிளறின மண்ணாகத்தான் தெரிந்தது.

மகள் தென்றலின் வலிப்பு எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. "இந்தச் சோதனை முடிஞ்சா அடுத்து நோயாளிகளுக்குத்தான். தென்றலையும் சேர்த்துக்கலாம். இப்போதைக்கு ஆள்தான் குறையுது" என்று இதே டாக்டர்தான் முன்பு சொல்லியிருந்தாள். காண்ட்ராக்ட் முடிந்துவிட்டதென்று கார் கம்பெனி வேலை போய் வீட்டில் கிடந்த வெங்கடேசன், "நான் வர்றேன்" என்று முன்னால் நின்றான். அன்றைக்குப் பாஞ்சாலி மாரியம்மனுக்குப் பொங்கலே வைத்தாள்.

"அப்போ எம் பொண்ணுக்கு மருந்து?"

பூஜா கண்ணாடியைக் கழற்றினாள். "மத்தவங்க யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா இவர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, இந்த மருந்தே வேணாம்னு கம்பெனிக்காரங்க கைவிட்டுட்டாங்க."

வெங்கடேசன் சடாரென்று எழுந்து உட்கார்ந்தான். "மருந்து மேல தப்பு இல்ல டாக்டர்! நிறுத்தாதீங்க!"

"உசுரு பொழச்சதே பெருசு, இதுல மருந்துக்கு வக்காலத்து வேறயா?" என்று பாஞ்சாலி சீறினாள். அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் மென்று விழுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

"மருந்து உடம்பை விட்டு இறங்கட்டும். பழையபடி ஆயிடுவார்" என்றாள் பூஜா.

அழுவதா, அம்மனைக் கும்பிடுவதா என்று தெரியாமல் பாஞ்சாலி வெளியே வந்தாள். மகளுக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டுப்போனது. புருஷனாவது தங்கினானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

கேட்டுக்கு எதிரே அவள் தம்பி புருஷோத்தமன் டீ குடித்துக்கொண்டிருந்தான். லாரியில் மூட்டை ஏற்றுகிற திடகாத்திரமான ஆள்.

"இன்னாக்கா, மாமா எப்டி கீறாரு?"

"பாழாப்போன மருந்துடா! மாமாவோட நெஞ்சக் கெடுத்துடுச்சு. மொத நாள் எடுத்த படத்த டாக்டரம்மாவே காட்டுச்சு. கல்லு மாதிரி இருந்த நெஞ்சாம்!"

புருஷோத்தமன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"அக்கா... அந்தப் படம் என்னுதுக்கா. நெஞ்சு சரியில்லன்னுதான் கார் கம்பெனியிலயே மாமாவ நிறுத்துனாங்க, உங்கிட்ட சொல்லல. இங்கயும் தள்ளிட்டா தென்றலுக்கு மருந்து கெடைக்காதேன்னு, வேலைக்குச் சேரும்போது கம்பெனியில எடுக்கற மெடிக்கல் டெஸ்டுக்கு ஆள் மாத்தி அனுப்புவோமே, அந்த மாதிரி அவர் பேரக் கூப்பிட்டதும் நான் போய்ப் படுத்துக்கினேன்."