சிங்கத்தின் வாயில் கை

"சிங்கம் இந்தப் பொண்ணைக் கடிக்கப் போகுதா, இல்ல கடிச்சு முடிச்சிடுச்சா, ஐயா?"

எதிரே உட்கார்ந்திருந்த பெண் கேட்டது நியாயமான கேள்விதான். குறி கேட்க அவள் உருவிய டாரட் சீட்டில், வெள்ளை உடுத்திய ஒருத்தி சிங்கத்தின் வாயில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருப்பவள் போலச் சாவகாசமாக நின்றாள். அவள் தலைக்கு மேல் ஓர் எட்டு, படுத்த வாக்கில் மிதந்தது.

டாரட் மாமா உடனே பதில் சொல்லவில்லை. உடனே சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும். கண்களை மூடி, வீங்கிய இடது கன்னத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார். ஒரு வாரமாகவே அந்தக் கன்னம், எலுமிச்சம்பழத்தை ஒதுக்கி வைத்தது போலத்தான் இருந்தது. சொல்லப்படாத வாக்கு உள்ளே தங்கிவிட்டதால் வந்த வீக்கம் என்று, வந்தவர்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். மாமா மறுக்கவில்லை. வீக்கம் கூடக் கூடக் கூட்டமும் கூடியது.

"என்னங்க, நாளைக்குக் காலையில கிளம்பறோம். வயித்துவலி, தலைசுத்தல்னு ஏதாவது சொன்னீங்க, தெரியும் சேதி" என்று உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது. எதிர்காலம் முழுவதும் கேட்கும் அவர் காதுக்கு அது மட்டும் கேட்கவில்லை.

"மேலே சொல்லும்மா" என்றார் பெண்ணிடம்.

வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். நாளைக்கு ஓர் ஆளைத் தனியாகச் சமாளித்தாக வேண்டுமாம். போன வாரமும் இப்படித்தான் ஒருவரிடம் விட்டார்கள். அவர் கத்தினார்; இவள் அவரைவிடப் பலமாகக் கத்திவிட்டு வாசலுக்கு ஓடிவிட்டாள். நாளையும் பாதியில் விட்டால் மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று வேலை கொடுத்த பெரியவர் கறாராகச் சொல்லிவிட்டாராம். ராப்பகலாகப் படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் நின்றது.

"என்ன வேலைம்மா அது?"

"அதை மட்டும் கேக்காதீங்க, ஐயா. சொன்னதுமே எல்லாரும் வாயை மூடிக்கிட்டு நகர்ந்துடறாங்க."

மாமாவுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. பெயரைக் கேட்டதும் மனிதர்கள் நகர்ந்துபோகிற வேலை உலகத்தில் ஒன்றுதான். பெண் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். நாளைக்கு மடக்க வேண்டியவர் எதற்கும் மசியாத பெரும்புள்ளி. இவ்வளவையும் சீட்டே சொன்னது போல அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"கவலைய விடு. அந்தப் பொண்ணு நீதான். சிங்கம் நாளைக்கு வரப்போற ஆள். எட்டு ஏன் படுத்துக் கிடக்குது, பாத்தியா? நிக்க வெச்சுப் பேசினா நழுவிடுவான். நல்லாச் சாய்ஞ்சு உக்கார வெச்சுடு."

"அதுக்கு வசதி இருக்குங்க."

"அப்புறம் என்ன? பாதி வேலை முடிஞ்சுது."

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "கத்தினா?"

"கத்தட்டும். சிங்கம் வேற என்ன பண்ணும், பாட்டா பாடும்?"

"காலை உதைச்சா?"

இந்தக் காலத்தில் பாலிசி பிடிப்பது இவ்வளவு முற்றிவிட்டதா என்று மாமாவுக்குக் கொஞ்சம் திகைப்புத்தான். ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை. "உதைக்கட்டும். நீ கொஞ்சம் தள்ளி நின்னுக்கோ."

"போதும், விட்டுடுன்னு கையைக் காட்டினா?"

"கையை ஏன் பாக்கறே? சீட்டுல இருக்கறவ பாக்கறாளா, பாரு. அவளுக்குச் சிங்கத்தோட வாய்தான் கணக்கு."

"அழுதுட்டா, ஐயா?" இதைக் கேட்கும்போது அவளுக்கே அழுகை வந்தது.

மாமா முன்னால் குனிந்து, தொழில் ரகசியம் சொல்வது போலக் குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் நடிப்பு. பெரிய ஆளுங்கதான் ரொம்ப நடிப்பாங்க. பாதியில விட்டா சிங்கத்துக்கும் நல்லதில்ல, உனக்கும் நல்லதில்ல. பிடிச்ச பிடியை விடாதே. இது என் வாக்கு."

பெண் மூக்கை உறிஞ்சி, கண்ணைத் துடைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தாள். வரும்போது இருந்ததைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டாள் என்று மாமா பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். அவர் கணக்கில் ஒரு சாண் முன்னே பின்னே இருக்கும். சீட்டைத் துணைக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டாள். சீட்டுக்கட்டில் ஒன்று குறைந்தால் மற்றவை கோபித்துக்கொள்ளும். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து மனம் இளகி, "எடுத்துட்டுப் போ. கண் படற இடத்துல வெச்சுக்கோ" என்றார்.

மறுநாள் காலை, மணிக்கட்டைப் பிடித்த பிடியில் மாமி அவரை அழைத்துப்போய் ஓர் அறைக்குள் தள்ளிவிட்டு, வெளியே நின்று கதவைச் சாத்திக்கொண்டாள். நல்ல மெத்து மெத்தென்ற நாற்காலி. உட்கார்ந்ததும் அது தானாகவே பின்னால் சாய்ந்தது. மாமாவும் கூடவே சாய்ந்தார். முகத்துக்கு நேரே பெரிய விளக்கு எரிந்தது. அதன் விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு சீட்டை அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றியபோது, வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் மெல்ல அவர் தோளை அழுத்தி மறுபடியும் சாய்த்தாள்.

"ஐயா, நீங்களா அந்த ஆளு? இனி எனக்குப் பயமே இல்ல. நீங்க கையைக் காட்டினாலும் பாக்க மாட்டேன், அழுதாலும் நம்ப மாட்டேன். வாயை நல்லாத் திறங்க" என்றாள், பல் பிடுங்கும் இடுக்கியை எடுத்துக்கொண்டே, நேற்று அவரிடம் தைரியம் வாங்கிப்போன பல் டாக்டர்.

அந்தச் சிங்கத்தின் முகத்தை மாமா அப்போதுதான் சரியாகப் பார்த்தார். அதற்கும் இடது கன்னம் லேசாக வீங்கித்தான் இருந்தது.