ஒரு வீடு விடாமல்

"உன் தம்பி வீடு வீடா போனானா, இல்ல டீக்கடையில உக்காந்து டிக் போட்டானா? சாயங்காலத்துக்குள்ள சொல்லு. இல்லைன்னா அவன் சீட்டைக் கிழிச்சிடுவேன்" என்று மூடி அக்காவிடம் சொல்லிவிட்டு, சுகாதார அதிகாரி போனை வைத்தார்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நோயே இல்லை என்று தம்பி கணக்கெடுத்துக் கொடுத்த மூன்று தெருக்களிலிருந்தும், வாந்தியும் பேதியுமாகப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தார்கள். காலையில் இரண்டு பிள்ளைகள் இறந்துவிட்டார்கள்.

மூடி அக்கா என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். பாதாளச் சாக்கடையின் மூடியைத் திறந்து, கயிற்றில் பாட்டிலை இறக்கி, தண்ணீர் எடுத்து லேபுக்கு அனுப்புவது அவள் வேலை. மனிதர்கள் மறைப்பதைச் சாக்கடை முதலில் சொல்லிவிடும். தம்பி கணக்கெடுக்கும் தெருவில், அதே நாளில் அவளும் மூடி திறப்பாள்.

தம்பி நடைபாதை ஓரத்தில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான்.

"உன் மேல சத்தியமாக்கா. கணக்கெடுக்கற மத்தவங்க வாசல்லயே உப்புச் சர்க்கரை பாக்கெட்டை நீட்டிட்டுப் போயிடுவாங்க. நான் அடுப்படி வரைக்கும் போய், உப்புச் சர்க்கரைத் தண்ணியை என் கையால கலக்கிக் காட்டி, பிள்ளைங்களுக்கு ஒரு வாய் ஊட்டிட்டுத்தான் வருவேன்."

"தெரியாதாடா? பாத்திரம் கழுவச் சொன்னா அடுப்பையும் சேத்துக் கழுவுறவனாச்சே நீ."

"சிரிக்க வைக்காதக்கா. அந்த ரெண்டு பிள்ளைங்க முகமும் எனக்குத் தெரியும்."

அவள் கயிற்றைச் சுற்றியபடி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணுதான்டா பிடிபடல. சாக்கடை பள்ளத்தைப் பாத்துத்தான் ஓடும். மேல் மூடியில கிருமி இல்ல, அடுத்த மூடியில இருக்குன்னா, நடுவுல இருக்கற வீட்டுல இருந்து வந்திருக்கணும். அப்படித் தேடினா தெருவுக்கு ஒரு வீடு மாட்டுது. தையல்காரர் வீடு, வாத்தியார் வீடு, லாண்டரிக்காரர் வீடு. மூணு வீட்டுலயும் எல்லாரையும் சோதிச்சாச்சு. ஒருத்தருக்கும் இல்ல."

"அப்ப லேப்ல தப்பு."

"மூணு தடவையுமா? அதுவும் பிள்ளைங்க படுக்கறதுக்கு முன்னாடியே சாக்கடையில வந்திடுச்சு. நல்லா நடமாடற யாரோ ஒருத்தர் வயித்துல கிருமி குடியிருக்கு. அவங்களுக்கு ஒண்ணும் செய்யாது. அவங்க கை பட்டதைச் சாப்பிடறவங்களுக்குத்தான் ஆபத்து."

"கண்டுபிடிச்சா என் வேலை தப்புமா?"

"நீ பொய் சொல்லலன்னு ஆகிடும். நல்லா யோசி. மூணு வீட்டுக்கும் பொதுவா வந்து போற ஆள் யாரு? பால்காரரா, உறவுக்காரங்களா?"

"அதெல்லாம் தெரியலக்கா. ஆனா மூணும் தங்கமான குடும்பம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நாள் பூரா வெயில்ல அலையறோம். அவசரத்துக்கு பாத்ரூம் கேட்டா யார் விடறாங்க? அந்தந்தத் தெருவுல அவங்க ஒருத்தங்கதான் என்னை உள்ள விட்டாங்க."

கயிறு சுற்றிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. மடியில் கோத்து வைத்திருந்த தம்பியின் விரல்களை அவள் பார்த்தாள். போன் அடித்தது. இரண்டு மூன்று முறை அடிக்க விட்டு எடுத்தாள்.

"என்னம்மா, முடிவா சொல்லு. போனானா, இல்லையா?"

தம்பி நம்பிக்கையோடு அவள் முகத்தையே பார்த்தான்.

"அவனைச் சோதிக்கணும் சார். கிருமி அவன் வயித்துலதான் இருக்கு" என்றாள். "போயிருக்கான் சார். ஒரு வீடு விடாம போயிருக்கான்."