போனுக்குள் குடியிருந்தவன்

குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கணவன் குழாயை முழுதாகத் திறந்துவிட்டான். வாளியில் தண்ணீர் கொட்டும் சத்தத்துக்கு நடுவே மனைவியின் காதருகே குனிந்தான்.

"எப்போ உள்ள வந்தானாம்?"

"மூணு வருஷமாச்சாம்."

"மூணு வருஷமாவா! நான் வீட்லதானே இருந்தேன்?"

"உங்களுக்குத் தெரிஞ்சுட்டா அப்புறம் அவன் என்ன திருடன்?"

"சரி, இப்போ எங்க இருக்கான்?"

"ஃபிரிட்ஜுக்குள்ள வச்சிருக்கேன்."

அவள் வைத்திருந்தது போனை. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது முன்பின் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. படித்த வேகத்தில், பிரஷ் வாயிலிருக்க, போனைக் கொண்டுபோய்த் தக்காளிகளுக்கு நடுவே செருகிவிட்டாள்.

'வணக்கம் அக்கா. மூணு வருஷமா உங்க போனுக்குள்ள இருக்கேன். தப்புதான். ஆனா இதுக்கு மேல என்னால பொறுக்க முடியல. மன்னிப்புக் கேட்டுத் தங்கச்சிக்கு நூத்தி எழுபத்து மூணு தடவை எழுதி வச்சிருக்கீங்க. ஒண்ணாவது அனுப்பினீங்களா? படிக்கிறவன் மனசு என்ன பாடு படும்? இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஒண்ணை அனுப்புங்க. இல்லன்னா எல்லாத்தையும் நானே அனுப்பிடுவேன். பயப்படாதீங்க, பதில் உடனே வரும். அதுக்கு நான் கேரண்டி.'

"எல்லாத்தையும்னா?" என்றான் கணவன்.

"முதல்ல எழுதினதையும்தான். அதுல அவளைப் பேய்னு எழுதியிருக்கேன்."

"மன்னிப்புக் கேக்கறதுலயா?"

"அப்போ கோவம் ஆறல."

மூன்று வருடத்துக்கு முன் அம்மா இறந்த அன்று தங்கை வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் பையோடு நின்றவளைப் பார்த்து, "இப்போ மட்டும் எதுக்கு வந்தே?" என்று கேட்டாள் அக்கா. தங்கை அப்படியே திரும்பிப் போனாள். அதோடு பேச்சு நின்றது.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. ஊரில் பாதிப் பேரின் விலா எலும்பைப் பார்த்தவளுக்கு, தன் உள்ளே ஒருவன் பார்த்துவிட்டான் என்பது தாங்கவில்லை. கணவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கோளாறுக்கும் அவனுக்குத் தெரிந்த முதல் வைத்தியம், அணைத்துவிட்டு மறுபடி போடுவது. போனையும் அப்படியே செய்தான்.

போட்ட கையோடு செய்தி வந்தது. 'அண்ணே, இதுக்கெல்லாம் நான் போக மாட்டேன்.'

இருவரும் செல்போன் கடைக்கு ஓடினார்கள். கடைக்காரர் ஜில்லென்றிருந்த போனைத் துடைத்து, ஒயர் மாட்டி, ஒரு மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

"இருக்கான்மா. ஆனா ஒழுங்கானவன். குப்பை போட்டோவையெல்லாம் அழிச்சிருக்கான். பேட்டரிகூட நல்லா வச்சிருக்கான்."

"அவனுக்கு நற்சான்றிதழ் கேட்டேனா? வெளிய அனுப்புங்க!"

அனுப்பினார். புதிதாக இருபத்திரண்டு எழுத்தில் ஒரு பாஸ்வேர்டு போட்டு, அதைக் காகிதத்தில் எழுதி நான்காக மடித்துக் கொடுத்தார். "இனிமே உங்க போனுக்குள்ள நீங்க நுழையறதே கஷ்டம். நான் கேரண்டி."

ஐந்தரை மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். மூன்று முறை தப்பாகப் போட்டு நான்காவது முறை போனுக்குள் நுழைந்தாள். வழக்கம்போலத் தங்கைக்கு எழுத ஆரம்பித்தாள். அரைப் பக்கம் எழுதிச் சேமித்தாள். எந்தச் செய்தியும் வரவில்லை. ஆறு மணியும் தாண்டியது.

"நிம்மதியா?" என்றான் கணவன்.

"ம்." எழுதியதை மேலிருந்து கீழாகத் தள்ளிப் பார்த்தாள். "இவ்வளவு நாள் அவனாவது படிச்சான். இதை இனிமே யாருங்க படிப்பா?"

கணவன் கையிலிருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "யாருக்கு எழுதினியோ அவதான்" என்றான்.

அரைப் பக்கத்தையும் அழித்தாள். 'நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுடி' என்று மட்டும் எழுதினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு அனுப்பிவிட்டாள்.

கண்ணைத் திறப்பதற்குள் போன் அடித்தது. தங்கை.

"அக்கா..."

கணவனுக்கும் கேட்கட்டும் என்று அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். இரண்டு பக்கமும் அழுகைதான். "சாப்பிட்டியாடி?" என்று கேட்டுவிட்டு அக்கா அழுதாள். "இன்னும் இல்லக்கா" என்று சொல்லிவிட்டுத் தங்கை அழுதாள். "நான் அன்னிக்குத் திரும்பிப் போயிருக்கக் கூடாதுக்கா." "நீ போனதுல தப்பே இல்லடி." மூன்று வருடத்துக் கண்ணீர், நின்று நிதானமாக வந்துகொண்டிருந்தது.

நடுவில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஆண் குரல்.

"யாருடி பக்கத்துல? மாப்பிள்ளையா?"

"அவர் இன்னும் வேலையிலிருந்தே வரலக்கா. மாமாதான் அழறாருன்னு நினைச்சேன்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். கணவன் காய்ந்த கண்களோடு, இல்லை என்று தலையை ஆட்டினான்.

மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். போனில் தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது.

"நான் தங்கச்சி போன்லயும் இருக்கேன்க்கா, நீங்க பேசுங்க."