விரல் முந்திக்கொண்டது

அலாரம் கத்தியது. அவள் விரல் போய் அதை அணைத்தது.

படித்துவிட்டு அணைக்கவில்லை. அணைத்துவிட்டுத்தான் படித்தாள்.

கப்பலில் வேலை பார்ப்பவர்களுக்குத் தொற்றிக்கொள்ளும் பழக்கம் அது. தானாக ஓடும் கப்பல் வாய் ஓயாது. காற்று மாறினால் கத்தும், கதவு சரியாகச் சாத்தாவிட்டால் கத்தும். எத்தனையைத்தான் படிப்பது? பிள்ளை சிணுங்கினால் தூக்கத்திலேயே தொட்டிலை ஆட்டுகிற கை மாதிரி, விரல் பழகிப்போகும்.

'முன்னால் சிறு பொருள்' என்றிருந்தது திரையில்.

நிமிர்ந்து பார்த்தாள்.

பயிற்சிக் கூடத்தின் சுவர் முழுக்கக் கடல். கம்ப்யூட்டர் வரைந்த கடல்தான். மூக்குக்கு நேராக ஒரு மீன்பிடி வள்ளம்.

அதில் ஒரு ஆள் எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு முகம் வரைந்திருக்கவில்லை.

சுக்கானை ஒடித்துத் திருப்பினாள். அத்தனை பெரிய கப்பல், சொன்னவுடன் திரும்பிவிடுமா?

வள்ளம் கப்பலின் முகப்புக்கு அடியில் போனது.

சத்தமில்லை. தரைகூட அதிரவில்லை.

அப்புறம் வெறும் கடல்.

கதவு திறந்தது. பக்கத்து அறையில் மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த பயிற்சியாளர் கேப்டன் அம்பலவாணன் சிரித்துக்கொண்டே வந்தார்.

"அலாரம் வந்த அடுத்த செகண்டே பதில் குடுத்திருக்கீங்கம்மா. இந்த பேட்ச்லயே நீங்கதான் ஃபர்ஸ்ட். புதுக் கப்பல் உங்களுக்குத்தான்."

அவர் சுவரைப் பார்த்திருக்கவில்லை.

சொல்ல வேண்டும். வாய் திறந்தது.

"தேங்க்ஸ் சார்" என்றாள்.

வெளியே காத்திருந்தவர்கள் கை தட்டினார்கள். "கடக்கரைக்காரி கண்ணுக்குத் தப்புமா? மீன் குஞ்சுக்கு நீச்சலா கத்துக் குடுக்கணும்?" என்று கேலி செய்தான் கூடப் பயிற்சி எடுக்கும் கார்முகிலன்.

அவளும் சிரித்து வைத்தாள்.

அலைபேசி அடித்தது. அப்பா. கடலுக்குள் இருந்து பேசினார். வள்ளத்து எஞ்சின் இரைச்சலுக்கு மேலே கத்தினார்.

"பாஸாயிட்டியா மக்ளே?"

"ஆமாப்பா."

"எனக்குத் தெரியும்லா! லே சூசை, எம்மவ பாஸாயிட்டா லே!"

அந்தப் பக்கம் யாரோ சீட்டி அடித்தார்கள்.

"இங்கன ஒரு பெரிய கப்பலு, எங்களப் பாத்துத்தான் வருது. தூரமாத்தான் கெடக்கு. வலைய இழுத்துட்டு ஒதுங்குவோம்னு சூசை சொல்லுதான். நான் விடல. சும்மா கெட லே, உள்ள எம்மவள மாரி படிச்ச புள்ள உக்காந்திருக்கும், அது பாத்துக்கிடும்னுட்டேன்."

அவள் காதிலிருந்து அலைபேசியை எடுக்கவில்லை.

பின்னாலேயே வந்த கேப்டன் அவளுக்குக் கை கொடுக்க நீட்டியபடி நின்றார். கார்முகிலன் யாரிடமோ பிரியாணி சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஒதுங்கிருங்கப்பா" என்றாள்.

"என்னட்டி?"

"வலைய வெட்டி விட்டுட்டாவது ஒதுங்கிருங்க. இப்பவே."

"ஏன் மக்ளே, பாக்க மாட்டாவளா?"

சுற்றிலும் எல்லோரும் இருந்தார்கள். குரலைத் தாழ்த்தினால் அந்த இரைச்சலில் அப்பாவுக்குக் கேட்காது.

"நான் பாக்கலப்பா" என்று கத்தினாள்.

கேப்டன் நீட்டிய கை அப்படியே நின்றது.