சத்தம் வரும் டயர்

“சத்தமே வராது சார். வண்டி வாசல்ல வந்து நின்னாக்கூட வீட்டுல இருக்கறவங்களுக்குத் தெரியாது.”

“அப்ப இது வேண்டாம்” என்றார் அவர்.

விற்பனையாளர் டயரிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவருடன் வந்திருந்த மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் கூரையைப் பார்த்தான்.

இது இரண்டாவது கடை. டயர் வாங்க மனைவியின் தம்பியைக் கூட்டிப்போவது நல்லதுதான். ஆனால் அந்தத் தம்பி நாள் கணக்காகப் போனில் டயரைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தால் அது வேறு கதை. எது மழையில் பிடிக்கும், எது நாள்பட உழைக்கும், எந்தக் கடையில் வீல் அலைன்மென்ட் ஒழுங்காகப் பார்ப்பார்கள், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. மாமாவின் எஸ்யூவிக்கு டயர் மாற்றியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதும் அவன்தான். பழைய டயரில் பட்டனெல்லாம் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. போன மழையில் பிரேக் போட்டபோது வண்டி வழுக்கிக்கொண்டு போய் நடைபாதையில் இடித்துத்தான் நின்றது. போதாததற்குத் தேய்ந்த டயரின் ஊளைச் சத்தம் வேறு.

வெளியே வந்ததும் ஆரம்பித்தான். “மாமா, அக்காவுக்கே சரியாத் தூக்கமில்லை. இந்த வண்டி தெருவுல நுழையறப்பவே ஊரைக் கூட்டுது. அவளுக்காகவாவது சத்தமில்லாத டயராப் போடலாம்ல?”

“அடுத்த கடையைப் பார்ப்போம், மாப்ளே.”

மைத்துனன் பல்லைக் கடித்துக்கொண்டான். பிறந்த மறுநாளே குழந்தை போய்விட்ட பிறகு அக்கா இப்போதுதான் மெல்லத் தேறி வருகிறாள். மாமாவும் ஆபீஸ் விட்டால் வீடு என்றுதான் இருக்கிறார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பெண்டாட்டியின் தூக்கத்தைவிட வீம்பு பெரிதா? அக்காவை இவர் சரியாகத்தான் பார்த்துக்கொள்கிறாரா என்று முதன்முதலாக அவனுக்குச் சந்தேகம் வந்தது. அது மனசுக்குக் கஷ்டமாகவும் இருந்தது.

மூன்றாவது கடை பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருந்தது. அவன் படித்த எதிலும் அந்தக் கடையின் பெயர் வரவில்லை. கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“எப்படி வேணும் சார்?”

“மழையில வழுக்கக் கூடாது. சத்தம் வரணும்.”

“வரக் கூடாதா?”

“வரணும்.”

“இந்தத் தொழில்ல இப்படி ஒருத்தர் கேட்டு இப்பத்தான் பார்க்கறேன்” என்றபடி கட்டை கட்டையான பட்டன் வைத்த ஒரு டயரை உருட்டிவந்தார். “கரடுமுரடான ரோட்டுக்குப் போடறது. மழையிலயும் நல்லாப் பிடிக்கும். ஆனா தார் ரோட்டுல ‘கொர்’னு இரைஞ்சுகிட்டே இருக்கும். அப்புறம் வந்து என்னைத் திட்டக் கூடாது. என் ஜீப்புக்கும் இதான் போட்டிருக்கேன்.”

“உங்க ஜீப்பை முனை வரைக்கும் கொண்டுபோய் ஓட்டிட்டு வர்றீங்களா? நான் உள்ளே இருந்து கேக்கணும்.”

கடைக்காரர் எத்தனையோ விதமான வாடிக்கையாளர்களைப் பார்த்தவர். ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்தார்.

டயர் அடுக்கியிருந்த பின்னறைக்குப் போய் மாமா கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். “அந்த ஃபேனைப் போடு, மாப்ளே” என்றார். மைத்துனன் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் போட்டான். ரப்பர் வாடையில் இருவரும் காத்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் தூரத்திலிருந்து அந்த இரைச்சல் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரைச்சல் நெருங்கி, வாசலில் வந்து அடங்கும் வரை மூடியே இருந்தார்.

“முனையில திரும்பறப்பவே கேக்குது” என்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. “இதையே நாலும் போடச் சொல்லு.”

காரை ஜாக்கியில் தூக்கிப் பழைய டயர்களைக் கழற்ற ஆரம்பித்தபோது மைத்துனனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க மாமா. அக்கா இப்பத்தான் கொஞ்சம் சிரிக்க ஆரம்பிச்சிருக்கா. அவளைப் பத்தி ஒரு நிமிஷமாவது நினைச்சுப் பார்த்தீங்களா?”

அவருக்குக் கோபம் வரவில்லை. கழற்றிப்போட்ட டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

“ஒருநாள் வண்டியை சர்வீசுக்கு விட்டுட்டு வீட்டுக்கு நடந்தே வந்தேன். ஜன்னல் வழியாப் பார்த்தா, குழந்தைக்கு வாங்கின சட்டையை மடியில வெச்சுகிட்டுக் குமுறிக் குமுறி அழுதுகிட்டு இருந்தா. நான் அப்படியே தெருமுனைக்குத் திரும்பிப் போயி, ‘வந்துட்டே இருக்கேன்’னு போன் பண்ணேன். வாசலுக்கு வர்றதுக்குள்ள முகத்தைக் கழுவிட்டு, சிரிச்சுகிட்டே கதவைத் தொறந்தா.”

“அவகிட்ட கேட்டிருக்கலாமே, மாமா?”

“கேட்டா, அழறதையே எனக்காக விட்டுடுவா. அழட்டும், மாப்ளே... நான் வர்றது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் முன்னாடியே கேட்டுடணும்.”